கோலுக்கு ஊதிய சங்கு

பந்தைத் தொடாமலே பல பேரைக் காயப்படுத்திய கால்பந்துக்காரர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் சங்கு நைனா. இத்தனைக்கும் மனிதர் மைதானத்துக்குள் இறங்கி ஆடியவர் அல்ல. கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தவர். பார்த்ததற்கே அப்படி என்றால், ஆடியிருந்தால் கும்மிடிப்பூண்டியில் இன்னொரு ஆஸ்பத்திரி கட்ட வேண்டி வந்திருக்கும்.

எழுபதுகளின் ஆரம்பத்தில், மீஞ்சூரைத் தாண்டி வடக்கே, ரயில் பாதையை ஒட்டியிருந்த ஓர் அட்டை ஆலையில் நான் டைம் ஆபீஸ் குமாஸ்தா. திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் பார்க்கிற குடும்பத்திலிருந்து வந்தவன் என்பதால் ஆலையில் எல்லோருக்கும் நான் ‘சாமி’. நைனா அங்கே பாய்லரைப் பார்த்துக்கொண்டவர். காலை எட்டு, பகல் பன்னிரண்டு, ஒன்று, சாயங்காலம் ஐந்து என்று வேளைக்கு வேளை ஆலைச் சங்கை ஊதுவதும் அவர் வேலைதான். பாய்லருக்குப் பக்கத்தில் ஒரு கயிறு தொங்கும். அதை இழுத்தால் கூரை மேலிருந்து கிளம்புகிற ஊளையில் பொன்னேரி வரைக்கும் காக்காய்கள் எழுந்து பறக்கும். அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். சொன்னால் அவர் வேறு யாரோ ஆகிவிடுவார்.

பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவர். ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குத் தண்ணீருக்கு மேலே கூப்பிட்டுக் கூப்பிட்டே வளர்ந்த தொண்டை. அந்தத் தொண்டையை ஆலையின் கால்பந்து அணிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். மைதானம் ஆலையின் பின்பக்கச் சுவரை ஒட்டி இருந்தது. மேட்ச் நடக்கிற நாளில் நைனா வந்து நின்றால் அவரைச் சுற்றி ஆள் உயரத்துக்கு ஒரு வட்டம் தானாகக் காலியாகிவிடும். காரணம், எங்கள் ஆள் பந்தை உதைக்கக் காலைத் தூக்கினால் இவரும் காலைத் தூக்குவார். எங்கள் ஆள் தலையால் முட்டினால் இவரும் முட்டுவார். முன்னால் யார் இருக்கிறார்கள், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் கணக்கிலேயே கிடையாது.

இந்த விவரம் தெரியாமல், மதராஸிலிருந்து கணக்கு பார்க்க வந்த ஓர் அதிகாரி வெள்ளைப் பேண்டும் மடக்கு நாற்காலியுமாக நைனாவுக்கு நேர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். வேண்டாம் சார் என்று சொல்ல எங்களுக்குத் தைரியமும் இல்லை, உண்மையைச் சொன்னால் மனமும் இல்லை. எங்கள் முன்வரிசைக்காரன் டேவிட் பந்தோடு கோலை நெருங்கினான். காலைத் தூக்கினான். நாற்காலி ஒரு பக்கம், அதிகாரி ஒரு பக்கம். பந்து உள்ளே போய்விட்டது என்பதால் நைனா அவரை அள்ளி எடுத்துக் கட்டிக்கொண்டு, “பாத்தியா சார்! என் ராஜா இன்னாமா அட்ச்சான் பாத்தியா!” என்று கன்னத்தில் முத்தமும் கொடுத்தார். அந்த அதிகாரி அதற்குப் பிறகு எங்கள் ஆலைக்கு வருவதென்றால், மேட்ச் இல்லை என்று விசாரித்துக்கொண்டுதான் ரயில் ஏறுவாராம்.

பந்திடம் அவர் பேசுவார். அதுவும் பெண் குழந்தையிடம் பேசுவது போல. “வாடா கண்ணு, உள்ளாற போம்மா, யாரும் ஒன்ன அடிக்க மாட்டாங்க” என்று கொஞ்சிக்கொண்டே இருப்பார். எங்கள் கோல்கீப்பர் மணி ஒரு பந்தைத் தவற விட்டால் கொஞ்சல் காணாமல் போய்விடும். “டேய் மணி! கைய ஊட்லயே வெச்சிட்டு வந்துக்கிறியா? போய் எடுத்துக்கினு வாடா!”

எதிர் அணிக்குப் பெனால்டி கிடைத்தால் மட்டும் மனிதர் மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார். துண்டின் நுனியை வாயில் திணித்துக்கொண்டு என்னிடம் சொல்வார்:

“சாமி, நீ பாத்து சொல்லு. ஆனா கெட்ட சேதின்னா சொல்லாத.”

“சொல்லலேன்னா உமக்கு எப்படித் தெரியும் நைனா?”

“நீ சொல்லாம நிக்கிறத வெச்சி தெரிஞ்சிக்கிறேன்.”

அணி தோற்ற அன்று நைனா சாப்பிட மாட்டார். அவர் மனைவி முனியம்மா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஆட்டம் முடிகிற நேரத்துக்கு மைதானத்து ஓரம் வந்து நின்று என்னைக் கூப்பிடுவார். “இன்னா சாமி, கெலிச்சாங்களா தோத்தாங்களா? சீக்கிரம் சொல்லு, நான் போய் ஒல வெக்கணும்.” ஒரு நாள் ஆட்டம் டிரா. இரண்டு பேரும் ஜெயிக்கவில்லை, இரண்டு பேரும் தோற்கவில்லை என்று விளக்கினேன். அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப பாதி அரிசி போட்றேன்” என்று கிளம்பிவிட்டார்.

இதுவரைக்கும் எல்லாம் சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த வருஷம் எங்கள் அணி, வட்டாரத்து ஆலைகளுக்குள் நடந்த போட்டியில் அரை இறுதிக்கு வந்தது. அதுவே முதல் தடவை. ஆட்டம் வேலை நாளில், நைனா டியூட்டியில் இருக்கிற நேரத்தில். அவர் அதற்காக அலட்டிக்கொள்ளவில்லை. பாய்லர் கூடத்து ஏணியில் பாதி ஏறினால் மேல் ஜன்னல் வழியாக மைதானம் முழுக்கத் தெரியும். சங்குக் கயிறும் கைக்கு எட்டும். ஆபத்து அங்கேதான் இருந்தது.

மூன்றரை மணி வாக்கில் டேவிட் கோல் போட்டான். சங்கு ஊதியது.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் கைக்கடிகாரம் கட்டியவர்கள் குறைவு. கட்டியவர்களும் சங்கைத்தான் நம்பினார்கள். மெஷின் ஹாலில் இருந்தவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவி, டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டிவிட்டார்கள். கையில் வாட்ச் கட்டியிருந்த போர்மேன் அதைக் காதில் வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டு, அவர்கள் பின்னாலேயே போனார். ஆள் இல்லாத மெஷினில் ஈர அட்டை சுருண்டு சுருண்டு மலையாகக் குவிந்தது. ஊருக்குள் பெண்கள் அடுப்பைப் பற்றவைத்தார்கள். டீக்கடைக்காரர் சாயங்கால போண்டாவுக்கு எண்ணெய் காய வைத்தார். வெயில் ஏன் இன்னும் இறங்கவில்லை என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

மானேஜர் நைனாவைக் கூப்பிட்டு அனுப்பினார். கூடப் போனது நான்.

“என்னய்யா இது?”

“கையி தானா பூட்சி சார்.”

“கை எப்படித் தானாப் போகும்?”

“கோல் வந்தா போவும் சார்.”

மானேஜர் சிரிக்கிற ஜாதி இல்லை. “இன்னொரு தடவை நேரம் தப்பிச் சங்கு ஊதினால் அன்றைக்கே நீ வீட்டுக்குப் போகலாம்” என்றார். நைனா தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார். வீட்டில் மூன்று பெண்கள், மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். பாய்லரை விட்டால் மறுபடி படகுதான். படகையும் விற்றுவிட்டுத்தான் இந்த வேலைக்கு வந்திருந்தார்.

அந்த ஒரு கோலில் ஜெயித்து நாங்கள் எட்டிய இறுதி ஆட்டமும் வேலை நாளிலேயே வந்து விழுந்தது. மாற்று ஆளுக்கு மஞ்சள் காமாலை. நைனாவை விட்டால் பாய்லருக்கு நாதி இல்லை. பாதிப் பேருக்கு மேட்ச் பார்க்க லீவு கொடுத்த மானேஜர், மெஷின் ஹாலை மட்டும் நிறுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார். மேல் ஜன்னலைப் பலகை வைத்து அடிக்கச் சொன்னார். என்னைக் கூப்பிட்டு, “நீ போய் அவன் பக்கத்திலேயே உட்கார். கை கயிற்றுப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்” என்றார். ஆலையிலேயே உடம்பில் சதை இல்லாதவன் நான்தான். ஏரியில் வலை இழுத்த கையை நான் தடுக்க வேண்டுமாம்!

ஆட்டம் தொடங்கியது. எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. பாய்லர் சத்தத்துக்கு நடுவே சுவருக்கு அந்தப் பக்கத்துக் கூச்சல் மட்டும் கேட்டது. நைனா கண்ணை மூடிக்கொண்டு அதை வைத்தே ஆட்டத்தை நடத்தினார். “இப்ப பந்து நம்மாளு கிட்ட... டேவிட் ஓட்றான்... அய்ய, புட்ச்சிட்டானுங்க.” திடீரென்று அங்கே ‘ஐயையோ’ என்று பெரிய ஓலம். நைனா முகத்தில் அறைந்துகொண்டார். “போச்சு சாமி! மணி கோல் வாங்கிட்டான்! பேஜாரு புட்ச்சவன், கைய ஊட்லயே வெச்சிட்டு வந்துட்டான்!” அவர் அழாத குறை. கொஞ்ச நேரத்தில் நிலக்கரி தள்ளிக்கொண்டு வந்தவன் விஷயத்தைச் சொன்னான். மைதானத்துக்குள் ஓர் எருமை புகுந்துவிட்டதாம். மணி அதை விரட்டப் போக, அது மணியை விரட்டியதாம். கோல் எதுவும் விழவில்லை. நைனா மணியிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

இடைவேளைக்குப் பிறகு அவருக்கே தன் மேல் நம்பிக்கை போய்விட்டது. தோளில் இருந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“சாமி, கையக் கட்டிடு.”

“என்ன நைனா, விளையாடறேளா?”

“கயிறு அந்தாண்ட கீது. கையி இந்தாண்ட கீது. நடுவுல நீ ஒருத்தன் பத்த மாட்ட. பெஞ்சிக் காலோட சேத்து நல்லா கட்டு. நான் கெஞ்சினாலும் அவுக்காத.”

கட்டினேன். கட்டிவிட்டு அந்தப் பெஞ்சிலேயே பாரத்துக்கு நானும் உட்கார்ந்தேன். நேரம் போகவே இல்லை. ஐந்து மணிக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் வெடித்தது பாருங்கள் ஒரு சத்தம், அது எருமைக்கான சத்தம் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

“கோலு!”

நைனா எழுந்தார். கூடவே பெஞ்சும் எழுந்தது. நான் நிலக்கரிக் குவியலில் கிடந்தேன். பெஞ்சை இழுத்துக்கொண்டு அவர் கயிற்றுப் பக்கம் போனார். கை கட்டியிருந்தால் என்ன, கயிறு அவர் வாய்க்கு எட்டுகிற உயரத்தில்தான் தொங்கியது. பல்லால் கடித்து ஓர் இழுப்பு இழுத்தால் போதும். நான் எழுந்திருக்கக்கூட இல்லை. அந்த நேரத்தில் அவரைத் தடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, இழுத்துவிடட்டும் என்றுதான் இருந்தது.

அவர் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பெஞ்சைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“வோணாம் சாமி. மூணு பொண்ணு கீது.”

அதே நேரம் வெளியே இருந்த கூச்சல் சட்டென்று அடங்கிவிட்டது. ஒரு பேச்சு மூச்சு இல்லை. நைனா பயந்துபோனார். “ஏன் கம்முனு ஆயிட்டானுங்க? கோல் இல்லன்னுட்டானா ரெப்ரீ?”

எனக்குப் புரிந்துவிட்டது. “இல்லே நைனா. சங்குக்குக் காத்துண்டிருக்கா.”

நைனா கட்டுண்ட கையைத் தூக்கிக் கண்ணைத் துடைக்கப் பார்த்தார், பெஞ்சு விடவில்லை. அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் புறப்பட்டது. முதலில் நாலைந்து வாய்கள். ‘ஊ...’ என்று அடியிலிருந்து மெதுவாக. பிறகு மைதானத்தில் இருந்த அத்தனை பேரும். ஆலைச் சங்கு போலவே ஏறி, உச்சியில் நின்று, இறங்கியது. நைனாவால் ஊத முடியாத சங்கை அவருக்காக ஊரே வாயால் ஊதியது.

நைனாவின் கன்னத்தில் தண்ணீர் தாரை தாரையாக ஓடியது. ஆனாலும் தொழில்காரர் அல்லவா? தலையைச் சாய்த்துக் கடைசி வரைக்கும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“ஏத்தம் சரியா கீது சாமி. எறக்கம்தான் பத்தல.”

அந்த இறக்கம் மெஷின் ஹாலுக்குப் போதுமானதாக இருந்தது. அவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவி, டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டிவிட்டார்கள். போர்மேன் இந்தத் தடவை வாட்சைப் பார்க்கவே இல்லையாம்.

ஆட்டம் முடிந்த கையோடு மானேஜர் மைதானத்திலிருந்து ஓடி வந்தார். மூச்சு வாங்க வாசலில் நின்று பார்த்தார். உடம்பெல்லாம் கரியாக நான். பெஞ்சோடு கட்டிப் போட்டபடி நைனா. ஆடாமல் அசையாமல் தொங்குகிற கயிறு.

“நான் இல்ல சார்” என்றார் நைனா. “கையி கட்டிக் கீது சார். சாமியக் கேளு சார்.”

மானேஜரும் மைதானத்தில் மற்றவர்களோடு வாயைக் குவித்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததாக மணி பிற்பாடு சத்தியம் செய்தான். நான் பார்க்கவில்லை, அதனால் எழுதுவதில் நியாயம் இல்லை. ஆனால் அவர் குனிந்து தன் கையாலேயே துண்டின் முடிச்சை அவிழ்த்ததைப் பார்த்தேன்.

“ஜெயிச்சிட்டோம்யா” என்றார். பிறகு சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். “மணி அஞ்சு. ஊது.”

நைனா கயிற்றைப் பிடித்தார். வேளைக்கு ஊதிய சங்குதான், ஒருவரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அது நிற்கவில்லை. ஊதிக்கொண்டே இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அத்தனை பேரும் சேர்ந்து கூவினார்கள். மானேஜர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஜன்னலுக்கு அடித்த பலகையைப் பார்த்தபடி நின்றார், போதும் என்று மட்டும் சொல்லவில்லை. நைனா கயிற்றில் தொங்கிக்கொண்டு அழுதார், சிரித்தார், டேவிட்டின் பெயரைச் சொல்லிக் காற்றில் ஓர் உதை விட்டார். அந்த உதை என் முழங்காலில் விழுந்தது. ஒரு வாரம் நொண்டினேன். யாராவது ஏன் நொண்டுகிறாய் என்று கேட்க மாட்டார்களா என்று அந்த வாரம் முழுக்க ஆசையாக இருந்தது.