முதுகால் படம் பார்க்கிறவர்

படம் பார்க்கிறவர்கள் உண்டு. படம் போட்டதும் தூங்குகிறவர்கள் உண்டு. தூங்கி எழுந்து, "இவன் எப்பச் செத்தான்?" என்று பக்கத்திலிருப்பவரை உலுக்குகிறவர்களும் உண்டு. இவர்களால் உலகத்துக்கு ஒரு ஆபத்தும் இல்லை. இங்கே பேச வந்தது வேறு ஒரு பிறவியைப் பற்றி. தான் என்றைக்கோ பார்த்து உருகிப்போன ஒரு படத்தை, வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு, ஜன்னல் திரையெல்லாம் இழுத்துவிட்டு, வீட்டிலிருக்கும் அத்தனை பேரையும் சோபாவில் நெருக்கி உட்காரவைத்து, "குடும்பத்தோட பார்க்க வேண்டிய படம்" என்று அறிவித்துவிட்டு, அதற்கப்புறம் படத்தைப் பார்க்காமல் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாரே, அவரைப் பற்றி.

தெரிந்திருக்குமே? சோளப்பொரியை வாய்க்குக் கொண்டுபோகும்போது கன்னத்தின் ஒரு பக்கம் சுடுகிற மாதிரி இருக்கும். திரும்பினால் இரண்டு கண்கள். "இப்பப் பாரு." பார்க்கிறோம். "இல்ல, இனிமேதான்." இனிமேலும் பார்க்கிறோம். நீங்கள் சிரிப்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அவர் சிரித்து வழிகாட்டுவார். அப்போதும் நீங்கள் சிரிக்கவில்லையென்றால் படம் பின்னால் போகும், அதே நகைச்சுவை திரும்ப வரும், நீங்கள் சிரித்துத் தொலைக்கிற வரைக்கும் வரும். நடுவில் பாத்ரூம் போனீர்களா, போச்சு. கதாநாயகி திறந்த வாயோடு நிற்பாள், குடும்பமே உங்களுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும், கதவுக்கு வெளியே, "ஆச்சா?" என்று ஒரு குரல் கேட்கும். அந்தக் குரலுக்கு அப்புறம் யாருக்கு ஆகும்?

இந்த இனத்தில் ஒருவர் டிரைவிங் லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகத்தில் பரீட்சை வைக்கிறவர். வண்டி ஓட்டிக் காட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டில் உட்காருவார். சாலையைப் பார்க்கவே மாட்டார். ஓட்டுகிறவர் முகத்தைத்தான் பார்ப்பார். "எதிர்ல லாரி வந்தா அது முகத்துலயே தெரிஞ்சிடும். நான் எதுக்கு ரோட்டைப் பார்க்கணும்?" என்பது அவருடைய கட்சி. ஸ்டீயரிங்கையும் தொடமாட்டார், பிரேக்கையும் தொடமாட்டார். வாயால் சொல்வதோடு சரி. சட்டைப்பையில் உள்ளங்கையளவு வட்டக் கண்ணாடி ஒன்று வைத்திருப்பார், ஓட்டுகிறவர் முகம் எந்தப் பக்கம் திரும்பினாலும் தெரிகிறபடி வண்டிக்குள் ஒட்டிக்கொள்ள. "கண்ணாடியைப் பாருங்க, கண்ணாடியைப் பாருங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி அவருக்கே கண்ணாடிக்காரர் என்று பெயர் வந்துவிட்டது.

வீட்டிலும் அதே முறைதான். சுவரில் டிவி. டிவிக்கு நேர் கீழே, டிவிக்கு முதுகைக் காட்டி, அவருடைய நாற்காலி. எதிரே சோபாவில் குடும்பம். ரிமோட்டைக் கையால் தொடமாட்டார், அது கல்யாண மண்டபங்களுக்கு மைக் செட் போடுகிற மகனின் பொறுப்பு. "நிறுத்து, கொஞ்சம் பின்னாடி போ, சரி, விடு" என்று உத்தரவு மட்டும் போடுவார். "நீங்க பார்க்கலையா?" என்று யாராவது தெரியாத்தனமாகக் கேட்டால், "எனக்குத்தான் மனப்பாடமாச்சே" என்பார்.

படம் இதுதான். ஒரு பனி கொட்டும் ஊர், ஒரு சின்ன ரயில் நிலையம், அதில் வேலை பார்க்கும் ஒரு அப்பா. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பிள்ளையை ரயிலேற்றி அனுப்புகிறார். வேலையை விட்டு அவரால் போக முடியாது. ரயில் விசில் ஊதுகிறது, "அப்பா, நீங்களும் வாங்கப்பா" என்று பிள்ளை கத்துகிறது. அந்த விசிலில் எல்லாரும் அழவேண்டும். அதுதான் பரீட்சை.

மனைவி அழுவார். மகள் வாயைத் திறக்காமல் கொட்டாவி விட்டுக் கண்ணில் நீர் வரவழைப்பாள். மகன் தன் தொடையைத் தானே கிள்ளிக்கொள்வான். மனைவியின் தம்பி ஒரு வருஷம் விசில் ஊதுகிற நேரம் பார்த்துச் சோபாவுக்கு அடியில் குனிந்து செருப்பைத் தேடினார். அவ்வளவுதான், தீர்ந்தது கதை. அதற்கப்புறம் அவர் வீடு வாங்கினாலும் சரி, ஆஸ்பத்திரியில் படுத்தாலும் சரி, "நல்ல மனுஷன்தான், ஆனா மனசுன்னு ஒண்ணு கிடையாது" என்று கண்ணாடிக்காரர் சொல்லாமல் இருந்ததில்லை.

ஏன் இந்தப் பாடு என்று கேட்பீர்கள். கல்யாணமான புதிதில் ஒரு தியேட்டரில் இந்தப் படத்தை மனைவியோடு பார்த்தார். அந்த விசிலுக்கு மனைவி அழுதார், அழுதபடி இவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அந்த நிமிஷம்போல அவர் சந்தோஷமாக இருந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதைத்தான் பாவம், வருஷா வருஷம் சோபாவில் தேடிக்கொண்டிருந்தார்.

இந்த வருஷம் புது மாப்பிள்ளை வருகிறார். பல்செட் செய்கிறவர். யார் பேசினாலும் மரியாதையாக அவர்கள் பல்லைப் பார்த்துக்கொண்டிருக்கிற சாதுவான மனிதர். வருவதற்கு முன்னால் மகள் போன் செய்தாள்.

"அப்பா, ஒரே ஒரு விஷயம். படம் போடும்போது அவர் முகத்தைப் பார்க்காதீங்க."

"பார்த்தா என்னம்மா, தேய்ஞ்சா போயிடும்?"

"பொண்ணு பார்க்க வந்தப்ப நீங்க பார்த்த பார்வைல அவர் காபி குடிக்கவே மறந்துட்டார். திரும்பவும் அப்படிப் பார்த்தீங்கன்னா அடுத்த வருஷம் கிறிஸ்துமஸ் அவங்க வீட்லதான். சொல்லிட்டேன். அவங்க வீட்ல டிவியே கிடையாது."

கண்ணாடிக்காரர் போனை வைத்துவிட்டுச் சோபாவைப் பார்த்தார். ஓரத்தில் மகள் உட்காருகிற இடத்தில் மெத்தை கொஞ்சம் அமுங்கியிருந்தது. அவள் இல்லாத கிறிஸ்துமஸா? உடனே திரும்பக் கூப்பிட்டு, "உன் மேல சத்தியமா அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தார். கொடுத்த பிறகுதான் இன்னொரு கவலை பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளை அழுதாரா இல்லையா என்று தெரியாமலே அவரைக் குடும்பத்தில் வைத்துக்கொள்வதா? பரீட்சையே வைக்காமல் லைசென்ஸ் கொடுப்பதா? ஆயுளில் செய்யாத காரியமாயிற்றே.

அந்த நாளும் வந்தது. ஜன்னல் திரைகள் இறங்கின. சோபாவில் மனைவி, மகன், மகள், மாப்பிள்ளை. கண்ணாடிக்காரர் வழக்கம்போல டிவிக்குக் கீழே உட்கார்ந்தார், ஆனால் தலையைக் குனிந்துகொண்டார். நிமிரவேயில்லை. அவர் குனிந்திருந்த அழகைப் பார்த்து மனைவிக்கே மனசு இளகிவிட்டது.

"பாரு, உனக்காக எப்படி உட்கார்ந்திருக்கார்னு," என்று மகளிடம் மெதுவாகச் சொன்னார்.

மடியில் இருந்தது அந்த வட்டக் கண்ணாடி. முன்பக்கம் லேசாகச் சாய்த்தால் மாப்பிள்ளையின் மூக்கு, மீசை, கண் எல்லாம் சுத்தமாகத் தெரிந்தது.

படம் ஆரம்பித்தது. முதுகுக்குப் பின்னால் பனிக்காற்று சத்தம், ரயில் சத்தம், அம்மா இல்லாத பிள்ளையின் விசும்பல். கண்ணாடியில் மாப்பிள்ளை எச்சிலை விழுங்கினார். பிள்ளை விசும்புகிற இடத்தில் இவருக்கு எதற்கு நாக்கில் நீர் ஊறுகிறது? கண்ணாடிக்காரர் புருவத்தைச் சுருக்கினார். அப்பாவும் பிள்ளையும் கட்டிப்பிடித்துக்கொண்டு பேசுகிற இடத்தில் மாப்பிள்ளை மகள் காதருகே குனிந்து, "இன்னும் க்ரீமே அடிக்கலையே, எப்ப முடிப்பாங்க?" என்றார். மகள் அவர் தொடையில் ஒரு இடி இடித்தாள். க்ரீமா? எந்த க்ரீம்? படம் முழுக்கத் தேடினாலும் அதில் க்ரீம் கிடையாது. சரி, பதற்றத்தில் ஏதோ உளறுகிறார், புதுசாக ஓட்ட வருகிறவர்கள் வைப்பரைப் போட்டுவிடுவதில்லையா என்று கண்ணாடிக்காரர் மன்னித்து விட்டார்.

விசில் ஊதியது.

கைக்குட்டைகள் வெளியே வந்தன. கண்ணாடியில் மாப்பிள்ளையின் தோள் குலுங்கியது. கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் வழிந்தது. கண்ணாடிக்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நம்ம மாப்பிள்ளை, தங்கமான பிள்ளை, பாஸ். இன்னும் நன்றாகப் பார்க்கக் கண்ணாடியை உயர்த்தினார். அப்போதுதான் மாப்பிள்ளையிடமிருந்து கதவுக் கீல் கிறீச்சிடுவதுபோல ஒரு சத்தம் வந்தது. மனிதர் அழவில்லை. சோபாக் கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சுவிட முடியாமல், சிரித்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக்காரரின் பிடி தளர்ந்தது. கண்ணாடி பின்பக்கம் சாய்ந்தது. சாய்ந்த கண்ணாடியில், அவர் தலைக்கு மேலே இருந்த டிவி தெரிந்தது. அதில் பனி இல்லை, ரயில் இல்லை. நீலத் தொப்பி போட்ட ஒரு ஆசாமி கட்டிய கோபுரம் மாதிரியான கேக், மெதுவாகச் சரிந்து, ருசி பார்க்க வந்த நடுவரின் வழுக்கைத் தலையில் இறங்கிக்கொண்டிருந்தது.

"அப்பா, நீங்களும் வாங்கப்பா," என்று கதறியது ஒலிபெருக்கி.

கண்ணாடிக்காரர் நாற்காலியோடு திரும்பினார். மகன் பதறிப்போய்ச் சோபா மெத்தைக்கு அடியில் எதையோ அமுக்கினான். ரயில் சட்டென்று நின்றுபோனது. டிவியில் அதே கேக் சத்தமே இல்லாமல் மறுபடி மறுபடி விழுந்துகொண்டிருந்தது.

"என்னது இது?"

மரியாதை தெரிந்த மாப்பிள்ளைதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கேக் போட்டி, மாமா. கிறிஸ்துமஸ் ஸ்பெஷல்" என்றார்.

"எத்தனை வருஷமா?"

"மாமா செருப்பு தேடினாரே," என்றான் மகன், "அதுக்கு அடுத்த வருஷத்துலேருந்து. படத்தோட சத்தத்தை மட்டும் லேப்டாப்லேருந்து உங்க நாற்காலிக்குப் பின்னாடி இருக்கிற பாக்ஸ்ல விடுவேன். டிவியை ஊமையாக்கிடுவேன்."

"அப்ப நீங்கல்லாம் அழுதது?"

"நிஜமாத்தான்பா," என்றாள் மகள். "போன வருஷம் போட்டியில ஒரு பெரியம்மா கஷ்டப்பட்டுப் பண்ணின கேக் கதவுல இடிச்சு உடைஞ்சப்போ அம்மா எப்படி அழுதாங்கன்னு நீங்களே பார்த்தீங்களே."

பார்த்திருந்தார். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தரமான அழுகை என்று அலுவலகம் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்திருந்தார். மெல்ல மனைவி பக்கம் திரும்பினார்.

"அந்தத் தியேட்டர்ல? அன்னிக்கு அழுதியே, அது?"

மனைவி கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "புதுச் செருப்பு. ரெண்டு குதிகாலும் உரிஞ்சுபோச்சு. எழுந்திருக்கத்தான் உங்க கையைப் பிடிச்சேன்."

கண்ணாடிக்காரர் முகத்தை எல்லாரும் பார்த்தார்கள். அந்த வீட்டில் அவர் முகத்தை மற்றவர்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. பார்க்கச் சகிக்கவில்லை. "பிடிச்ச கையை இன்னும் விடலையே, அது போதாதா?" என்றார் மனைவி.

அந்த நேரம் பார்த்துத்தான் மகளின் கண் அவர் கைக்குப் போனது. "அப்பா, அது என்ன?"

"எது?"

"கையில இருக்கிறது. முகத்தைப் பார்க்க மாட்டேன்னு என் மேல சத்தியம் பண்ணினீங்க."

"முகத்தை எங்கம்மா பார்த்தேன்? கண்ணாடியைப் பார்த்தேன்."

மகள் எழுந்து உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அடுத்த வருஷத்துக் கிறிஸ்துமஸ் வாசற்படியில் நின்றது. என்ன சொன்னால் நிற்பாள்? மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர் தவித்துப்போய், டிவியைப் பார்த்து, கையில் இருந்த கண்ணாடியைப் பார்த்து, கடைசியில் மகனைப் பார்த்தார்.

"டேய், சத்தத்தை வை."

"ரயில் சத்தமாப்பா?"

"கேக் சத்தம்டா."

அந்தக் குடும்பம் அத்தனை வருஷம் பார்த்த போட்டிக்கு அன்றைக்குத்தான் குரல் வந்தது. கம்பீரமாக இருக்கும் என்று எல்லாரும் நம்பியிருந்த அந்த வழுக்கை நடுவருக்குச் சுண்டெலிக் குரல். மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பையைக் கீழே வைத்தாள். மாப்பிள்ளை நகர்ந்து இடம் விட்டு, "மாமா, இப்படி வாங்க" என்றார். கண்ணாடிக்காரர் முதல் தடவையாகச் சோபாவில், டிவியை நேருக்கு நேர் பார்த்து உட்கார்ந்தார். நல்லபடியாக முடிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்?

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளைக்குக் கன்னத்தின் ஒரு பக்கம் சுட்டது. திரும்பினார். இரண்டு கண்கள்.

"இப்பப் பாருங்க மாப்பிள்ளை. இனிமேதான் இருக்கு."

"மாமா, நீங்களும் இப்பத்தானே முதல் தடவை பார்க்கறீங்க?"

அடுத்த வருஷமும் மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். நாற்காலியும் பழைய இடத்துக்கே வந்துவிட்டது, அவரைச் சோபாவில் வைத்துக்கொள்ள ஒருவராலும் முடியவில்லை. இப்போது கேக் போட்டிதான் குடும்பத்தோடு பார்க்க வேண்டியது. முதுகுக்குப் பின்னால் சுண்டெலிக் குரல் கேட்டது, முட்டை அடிக்கிற சத்தம் கேட்டது. நடுவர் ஏதோ நகைச்சுவை சொன்னார். கண்ணாடிக்காரர் முன்னதாகவே சிரித்து வழிகாட்டினார். எதிரே சோபாவில் மனைவி விக்கி விக்கி அழுதார். மகன் தொடையைக் கிள்ளாமலே அழுதான். மாப்பிள்ளை மகளின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"க்ரீம் அடிக்கிறதுக்கு எதுக்கு இப்படி அழறீங்க?" என்று கண்ணாடிக்காரர் திகைத்துப்போய்க் கேட்டார்.

"ஒண்ணுமில்ல, நீங்க எங்களையே பாருங்க," என்றார் மனைவி, அவர் தலைக்கு மேலே, பனி கொட்டும் ஒரு ரயில் நிலையத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

உங்களுக்கு ஏன் சிரிப்பு வருகிறது? போன விடுமுறையில், "இதை நீ அவசியம் பார்க்கணும்" என்று ஒருவரைப் பிடித்து உட்காரவைத்தீர்களே, அவர் சரியான இடத்தில் சிரித்தாரா, சரியான இடத்தில் கண் கலங்கினாரா என்று பக்கவாட்டில் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தீர்களே, அவர் அழுததும் உங்களுக்கு அப்படியொரு பெருமை பொங்கியதே. எதற்கும் ஒரு தடவை டிவி பக்கம் திரும்பிப் பார்த்துவிடுங்கள்.