கடைசிப் பக்கம் தராத துப்பு சார்

கட்டிய மனைவிக்கு எதிராகப் புத்தகம் புத்தகமாக எழுதித் தள்ளியவர், எனக்குத் தெரிந்து, இந்தப் பூமியிலேயே துப்பு சார் ஒருவர்தான். மற்றவர்கள் வீட்டுச் சண்டையை வாயால் போடுவார்கள். இவர் அச்சடித்துப் போட்டார். அதற்குப் பிழை திருத்திக் கொடுக்கும் பாவம் என் தலையில் வந்து விழுந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். திண்டுக்கல்லில் மலைக்கோட்டைக்குப் பின்பக்கம் ஓர் அச்சகத்தில் எனக்கு வேலை. பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் மாறக்கூடாது, திருவிழா நோட்டீஸில் உபயதாரர் பெயர் விட்டுப்போகக்கூடாது. இந்த இரண்டையும் நான் ஒழுங்காகச் செய்ததே இல்லை. முதலாளி என்னைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விடுவார். நானும் விடுவேன். அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் ஒருநாள் துப்பு சார் வந்து சேர்ந்தார்.

அவர் ஒரு தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு வாத்தியார். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களுக்காகத் துப்பறியும் கதை எழுதுவார். துப்பு சார் என்ற பெயர் வந்தது அதனால்தான். பதினாறு பக்கம், பக்கத்துக்கு மூன்று வரி. ரோசி என்ற சிறுமிதான் துப்பறிவாள். கொலை கிடையாது, ரத்தம் கிடையாது. ஒரு கதையில் ஆட்டுக் கழுத்து மணி காணாமல் போகும், இன்னொன்றில் ஒற்றைச் செருப்பு. சந்தேகப்படும்படி நாலைந்து பேர் வருவார்கள். கடைசிப் பக்கத்தில் ரோசி, எடுத்தது காகம் என்பாள். இல்லையென்றால் அணில். மனிதனைத் திருடனாக்க சாருக்கு மனம் வராது.

பெரிய எழுத்தில்தான் அடிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பார். எங்களிடம் பெரிய எழுத்து இருந்தது ஒரே ஒரு பெட்டி. அது கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கானது. ஊரில் யாராவது இறந்தால் ரோசியின் விசாரணை அப்படியே நின்றுவிடும். மாலையில் சார் வந்து எட்டிப் பார்ப்பார்.

“என்ன தம்பி, இன்னைக்கு யாரு?”

நாங்கள் பெயரைச் சொன்னதும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பிப் போவார். வருத்தம் செத்தவருக்காகவா ரோசிக்காகவா என்பதை எந்தத் துப்பறிவாளராலும் கண்டுபிடிக்க முடியாது.

“சாரே, ஒங்க பொஸ்தகத்த ஒரு கடையிலயும் வாங்க மாட்டேங்குறான். பொட்டலம் மடிக்கக்கூடப் பத்தாதுங்குறான்” என்று முதலாளி அழாத குறையாகச் சொல்வார்.

“விக்கவா சொன்னேன்? அடிச்சுக் குடுய்யா.”

யாருக்காக அடித்தோம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். “ஊர்ப் பிள்ளைகளுக்கா எழுதுறேன்? எங்க வீட்டுல ஒண்ணாம் வகுப்பு ஒண்ணு இருக்கு தம்பி. நாப்பது வயசாகுது” என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த ஒன்றாம் வகுப்பின் பெயர் ஆரோக்கியம். எங்களுக்கு அக்கா.

அக்காவின் அப்பா அய்யலூர் சந்தையில் ஆட்டுத் தரகர். பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் அக்கா அவரோடு சந்தைக்குப் போனார். பிறகு அவரே ஆடு வாங்கி விற்க ஆரம்பித்தார். அந்தச் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கைகளின் மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். எந்த விரலைப் பிடிக்கும்போது எதிராளியின் கை துடிக்கிறது என்பதை வைத்தே அவர் மனதில் இருக்கும் விலையை அக்கா கண்டுபிடித்துவிடுவார். கல் மாதிரி நிற்கிற வியாபாரிகளே அவரிடம் தோற்றிருக்கிறார்கள்.

படிக்க மட்டும் தெரியாது. ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் யாரையோ கேட்டு ஏறி, ஆட்டுக்குட்டிகளோடு கொடைரோட்டில் போய் இறங்கினார். அய்யலூர் ஒரு திசை, கொடைரோடு நேர் எதிர்த் திசை. குட்டிக்கும் டிக்கெட் எடுக்கச் சொல்லிக் கண்டக்டர் சண்டை போட்டதையும், அவர் பையிலிருந்த டிக்கெட் கட்டை ஒரு குட்டி மென்றதையும் அக்கா சொல்லச் சொல்ல, அச்சகமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சார் மட்டும் சிரிக்கவில்லை.

“நான் இருக்குற வரைக்கும் சரி தம்பி. நான் போயிட்டா இவ அங்கன நின்னு வர்றவன் போறவனையெல்லாம் கேட்டுக்கிட்டில்ல கெடப்பா? ஒரே ஒரு கதைய, கடைசி வரைக்கும், தானாப் படிச்சிட்டாப் போதும். பயம் விட்டுப் போயிரும்” என்றார்.

எழுத்தெல்லாம் அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். கூட்டிப் படிக்கத்தான் அக்கா மசியவில்லை. “கூட்டுறதுக்குள்ள தூக்கம் வந்துருது” என்பார். அதனால் சார் ஒரு வழி கண்டுபிடித்தார். சாப்பிட உட்காரும்போது கதையைத் தானே வாசிப்பார். கடைசிப் பக்கத்துக்கு முன்னால் புத்தகத்தை மூடிவிடுவார்.

“யாருங்க எடுத்தது?”

“படி.”

“பால்காரனா?”

“படி.”

“இப்பச் சொல்லலைன்னா கொழம்பு கெடையாது.”

“ஊத்தாத. படி.”

வெஞ்சனம்கூட இல்லாமல் வெறும் சோற்றைத் தின்று எழுத்தறிவு வளர்த்தவர் அவர். அக்கா படிக்கவில்லை, சார்தான் இளைத்தார்.

பொறுத்துப் பார்த்த அக்கா ஒருநாள் நேராக அச்சகத்துக்கே வந்துவிட்டார். நானோ, முடிவை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மாதா படத்தின் மேல் சாருக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தேன்.

“நீ வாயத் தொறக்க வேணாம் அப்பு. செத்த நேரம் கைய மட்டும் குடு” என்று தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கைமேல் போட்டார்.

“பெருவிரலு பால்காரன். இது பக்கத்து வீட்டுக்காரி. இது காக்கா...”

என் கை தானாகவே வெட்டியது. அக்கா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்று இரவு சாருக்குக் குழம்பு கிடைத்தது, ஆனால் இறங்கியிருக்காது. அடுத்தடுத்த கதைகளும் இப்படியே துண்டுக்குள் முடிந்தன. எப்படிக் கசிகிறது என்று தெரியாமல் சார் பித்துப் பிடித்தவர்போல் ஆகிவிட்டார்.

ஒருநாள் விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே அவர் உள்ளே வந்துவிட்டார். கட்டிய மனைவி அடுத்தவன் கையைத் துண்டுக்குள் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு உயிர் போய்விட்டது. சாரின் முகம் சிவந்தது, உதடு துடித்தது.

“ஏலே... கடைசிப் பக்கத்தையாடா வித்துட்ட?”

அதன்பிறகு கடைசிப் பக்கத்தை அவர் எங்களை நம்பித் தருவதில்லை. மற்ற பக்கமெல்லாம் அடித்து முடித்தபிறகு, மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டு, சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பார். அச்சானதும் அடியோடு வாங்கிக்கொண்டு போய்விடுவார். அக்காவும் விட்டுக்கொடுக்கவில்லை. முடிவு தெரியாமலே இருந்து பழகிக்கொண்டார். ஆண்டுகள் இப்படியே போயின. சாருக்குத் தலை முழுக்க நரைத்தது. ஒரு கதைகூடப் படிக்கப்படவில்லை.

ஊரில் கம்ப்யூட்டர் அச்சு வந்தபிறகும் எங்கள் முதலாளி பழைய மிஷினைக் கட்டிக்கொண்டு அழுதார். அதில்தான் சாரின் கடைசிக் கதை ஏறியது. ரோசியின் வெள்ளை ஆட்டுக்குட்டி காணாமல் போகிறது. சந்தேகம் ஐந்து பேர்மேல். கறிக்கடைக்காரர், தபால்காரர், பால்காரர், டீச்சர், வழக்கம்போல் ஒரு காகம்.

“இந்தத் தடவ காக்கா இல்ல தம்பி” என்று நெற்றியைத் தட்டிக் காட்டினார் சார். “ஆளு இங்கன இருக்கான். ஆட்டு விசயம்னா அவளால சும்மா இருக்க முடியாது. படிச்சே தீருவா. காலையில எழுதிக்கிட்டு வாரேன்.”

காலையில் அவர் எழுந்திருக்கவே இல்லை. தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். பெரிய எழுத்துப் பெட்டியை இழுத்து நாங்கள் போஸ்டருக்கு எழுத்துக் கோத்தோம். இன்னைக்கு யாரு என்று எட்டிப் பார்த்துக் கேட்க ஆளில்லை. அன்று நான் வாய்விட்டு அழுதேன். முதலாளியும் அழுதார்.

நினைவுப் பூசை முடிந்ததும், அடித்தவரைக்கும் மடித்துத் தைத்து அக்காவிடம் கொடுத்தேன். கடைசிப் பக்கம் வெறும் வெள்ளை. “வாசிச்சுக் காட்ட ஆளில்லாம எனக்கெதுக்கு இது?” என்று வாங்கிச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டார்.

பல மாதங்கள் கழித்து ஒரு மத்தியான வேளையில் அக்கா அச்சகத்துக்கு வந்தார். எழுத்துக் கோக்கும் மேஜைமேல் புத்தகத்தை விரித்து வைத்து, வரிக்கு அடியில் விரலை ஓட்டினார். “கு...ட்...டி. குட்டி. கா...ணோ...ம். காணோம்.” முதலாளி மிஷினை நிறுத்தச் சொன்னார். ஒரு வரியும் விடாமல், வியர்க்க வியர்க்கப் படித்து, கடைசித் தாளைத் திருப்பினார்.

“என்ன அப்பு, இங்க ஒண்ணுமே இல்ல? யாருதான் எடுத்தது?”

அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து என் கைமேல் போட்டார்.

“கறிக்கடைக்காரனா? தபால்காரனா? பால்காரனா?” ஒவ்வொரு விரலாக வந்தார். “டீச்சரா?” சுண்டு விரலுக்கு வந்ததும் குரல் கம்மிவிட்டது. “காக்காவா? அந்த மனுசன நம்ப முடியாது.”

என் கை அசையவில்லை.

“எனக்கும் தெரியாதுக்கா. சார் சொல்லவே இல்ல.”

“அம்புட்டையும் படிச்சிட்டேனே அப்பு. இப்பயும் சொல்லாமப் போயிட்டாரே, பாவி மனுசன்.”

ஐந்து விரலும் முடிந்துவிட்டது. துண்டுக்குள் அக்கா என் கையை விடவில்லை. நானும் இழுத்துக்கொள்ளவில்லை.