கனம் பார்த்து எடுத்த குண்டு

எங்கள் கோவில்பட்டி வட்டாரத்தில் காட்டுப்பன்றி வேட்டை என்றால் என்னைக் கூப்பிடாமல் ஒருத்தரும் கிளம்ப மாட்டார்கள்.

பொய்தான். அந்த வட்டாரத்தில் நான் தொட்ட ஒரே துப்பாக்கி, பங்குனித் திருவிழாவில் பலூன் சுடுகிற துப்பாக்கி. அதிலும் குண்டு பலூனை விட்டுவிட்டுப் பக்கத்துக் கடை மிளகாய் பஜ்ஜிச் சட்டியில் ‘டங்’ என்று பட்டது. (பஜ்ஜிக்காரர் தொரத்துன தொரத்துல நான் பக்கத்து ஊருக்கே போயிட்டேன்.) ஆனால் ஹூஸ்டனில், ஆளுக்கொரு பலகாரம் கொண்டுவருகிற ஒரு பொங்கல் பாட்லக்கில், வடை வரிசையில் நிற்கும்போது, நாலு சாஃப்ட்வேர்காரர்கள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள். கோபத்தில் காட்டுப்பன்றியை அவிழ்த்துவிட்டேன். உடனே வரிசையில் எனக்கு முன்னால் இடம் கொடுத்தார்கள்.

நான் ஒன்பதாவது ஃபெயில். ஊரில் பாத்திரக்கடையில் தராசுக்குப் பின்னால் நின்றவன். என் மனைவி செல்வி நர்ஸ். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவளுக்கு ஹூஸ்டனில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது. அவளோடு வந்த மூன்றாவது சூட்கேஸ் நான். வந்ததும் ஒரு கேஸ் ஸ்டேஷனில், அதாவது பெட்ரோல் பங்கில், கல்லாவில் உட்கார்ந்தேன். ‘எஸ்’, ‘நோ’, ‘பம்ப் நம்பர் ஃபோர்’ என்கிற மூன்றையும் வைத்து ஒரு வருஷம் ஓட்டினேன்.

செல்வியின் தம்பி முரளி அப்போது அதே ஊரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். பல்லியைப் பார்த்தால் சோஃபா மேல் ஏறி நிற்கிற பையன். அவன் விசா முடியச் சில மாதங்கள்தான் பாக்கி. கிரீன் கார்டுக்கான பேப்பர் பாஸ் டேலின் மேஜையில் கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தது. அவர் போடுகிற மாதிரி இல்லை, போடாத மாதிரியும் இல்லை. கையெழுத்து விழாவிட்டால் முரளி பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இந்த நிலைமையில் ஒருநாள் மூச்சு வாங்க எங்கள் அபார்ட்மென்டுக்கு வந்தான்.

“அத்தான், மாட்டிக்கிட்டேன். பாஸ் என்னை மான் வேட்டைக்குக் கூப்பிட்டார்.”

“நல்ல விஷயம்தான மாப்ளே.”

“அவருக்கு ரான்ச்சுன்னு ஒரு பெரிய பண்ணை இருக்கு, அங்க ஆபீஸ்ல யாரையும் கூப்பிட்டதே கிடையாது. எனக்குக் கை கால் ஓடலை. எங்க அத்தான் பெரிய வேட்டைக்காரர், நாங்க சொந்தத் துப்பாக்கியோட வர்றோம்னு வாய் தவறிச் சொல்லிட்டேன்.”

சமையலறையிலிருந்து செல்வி எட்டிப் பார்த்தாள். “யாரு, இவரா? இவருக்குக் கொசு அடிக்கவே ரெண்டு கையும் பத்தாது.”

“சும்மா இரு, அக்கா. அவர் ஒரு கண்டிஷனும் போட்டிருக்கார் அத்தான். ஈயக் குண்டு கூடாதாம், செம்புக் குண்டுதான் வேணுமாம். ஈயம் கறிக்குள்ள பொடிப்பொடியா உதிருமாம். அந்தக் கறியை அவர் பேரப்பிள்ளைங்க சாப்பிடுதுங்களாம்.”

செம்பு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்குள்ளே தராசு முள் எழுந்து நின்றது. துப்பாக்கிதான் எனக்குத் தெரியாது. செம்பு தெரியாதா? கல்யாணச் சீருக்குக் குடம் எடுக்க வருகிற அம்மாக்களை எத்தனை பேரைப் பார்த்திருப்பேன்! பளபளப்பைப் பார்க்க மாட்டார்கள். கையில் தூக்கிக் கனம் பார்ப்பார்கள், நகத்தால் சுண்டிச் சத்தம் கேட்பார்கள். கனமாக இருந்தால் நல்ல சரக்கு, லேசாக இருந்தால் ஏமாற்று வேலை. என் படிப்பு மொத்தமும் அவ்வளவுதான்.

“செம்புதானே? என்கிட்ட விடு” என்றேன்.

சனிக்கிழமை துப்பாக்கிக் கடைக்குப் போனோம். கவுண்டருக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாடிக்காரர். குழாயின் அகலம்தான் காலிபர் என்று முரளி எனக்கு விளக்கினான். (தெரியும் தெரியும்னு தலையாட்டுனேன். அதுவரைக்கும் காலிபர்ங்கிறது ஏதோ கம்பெனி பேருன்னு நெனச்சிருந்தேன்.) தாடிக்காரர் ஒரு தட்டில் வெறும் செம்புக் குண்டுகளைச் சிறிதிலிருந்து பெரிது வரை வரிசையாக வைத்தார். சுட்ட குண்டு ஒன்றையும் காட்டினார். முனை நாலு இதழாக விரிந்து பூ மாதிரி இருந்தது. பிறகு நிறையப் பேசினார். முரளி தமிழில் சொன்னான்.

“செம்பு ஈயத்தைவிட லேசாம் அத்தான். அதே எடைக்குச் செம்புல செஞ்சா குண்டு நீளமாயிருமாம். அதனால ஒரு படி எடை குறைச்சு எடுத்து, வேகமா விடணுமாம். வேகமாப் போனாத்தான் இப்படி விரியுமாம். இந்த ஊர் மானுக்குச் சின்னக் காலிபரே போதும், டூ ஃபார்ட்டி த்ரீ எடுத்துக்கோங்கிறார்.”

“எடை குறைச்சா? மாப்ளே, லேசானதை எடுன்னு கடைக்காரன் சொன்னா என்ன அர்த்தம்? கனமானதை அவன் சொந்தக்காரனுக்கு எடுத்து வச்சிருக்கான்னு அர்த்தம்.”

நான் டூ ஃபார்ட்டி த்ரீ குண்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஏலக்காய் வைத்த மாதிரி இருந்தது. கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன், அதற்கடுத்ததை எடுத்தேன். ஒவ்வொன்றையும் நகத்தால் சுண்டிக் காதில் வைத்துக் கேட்டேன். தாடிக்காரர் வாயைத் திறந்தபடி பார்த்தார். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் இருந்தது த்ரீ தர்ட்டி எய்ட் மேக்னம். என் சுண்டுவிரல் மாதிரி இருந்தது. கையில் வைத்ததும் கை இறங்கியது.

“இதுதான் சரக்கு!”

முரளி கேட்டுச் சொன்னான். “கரடிக்குப் போறவங்க வாங்கறதாம் அத்தான்.”

“கரடிக்கே பத்துதுன்னா மானுக்குக் கேக்கணுமா?”

அடுத்து துப்பாக்கி. அதே காலிபரில் கடையிலேயே எடை குறைந்ததாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அதற்கும் என்னிடம் நியாயம் இருந்தது. “தூக்கிட்டு நடக்கப் போறது நீ. அது லேசா இருக்கணும். மான்கிட்டப் போறது குண்டு. அது கனமா இருக்கணும்.” கேட்கும்போது எவ்வளவு சரியாக இருக்கிறது பாருங்கள்! இந்த உலகத்தில், சுட்டதும் துப்பாக்கி பின்னால் உதைத்துத் தோளை உடைப்பதற்கென்றே ஒரு சேர்க்கை உண்டென்றால் அது இதுதான் என்பது எனக்குத் தெரியாது. தாடிக்காரருக்குத் தெரியும். அவர் மறுபடி நீளமாகப் பேசினார். முரளி பாதியில் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

“என்னடா சொல்றாரு?”

“ஒரு தடவை சுட்டுப் பழகற ரேஞ்சுல சுட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்கன்னு கெஞ்சறார்.”

“சுட்டுப் பாக்கறதா? தீபாவளிக்கு வாங்குன வெடியை முந்தின வாரமே வெடிச்சுப் பாப்பியா?” (நான் வெடிப்பேன். அது வேற விஷயம்.)

அப்படியாக, ஒரு தோட்டாவும் வீணாகாமல், பெட்டியைப் பிரிக்காமலே கொண்டுவந்து சாமி ஷெல்ஃபில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். செல்வி அதை எடுத்து வாஷிங் மெஷின் மேல் வைத்தாள். நான் திரும்ப எடுத்து முருகனிடம் வைத்தேன். வேட்டை நாள் வரைக்கும் அது அங்கேயும் இங்கேயுமாக நடந்துகொண்டிருந்தது.

டேலின் ரான்ச் சான் அன்டோனியோவைத் தாண்டி மலைப்பக்கம் இருந்தது. விடிவதற்கு முன்னால் எங்களை ஒரு மரக்கூண்டில் ஏற்றினார். கால் முளைத்த பெட்டிக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் ஒரு ஜன்னல், உள்ளே மூன்று ஸ்டூல். எதிரே கொஞ்ச தூரத்தில் மூன்று கால் ஸ்டாண்டில் ஒரு டிரம். நேரம் வந்தால் அதுவே மக்காச்சோளத்தை இறைக்கும், மான் வந்து தின்னும். டேல் ஆள் பெரியவர், பேச்சு சின்னது. கையில் ஃபிளாஸ்க் மூடியில் காபி. என்னைப் பார்த்து, ‘நீங்க எல்லாம் பார்த்தவர்’ என்கிற மாதிரித் தலையசைத்தார். நானும் ஒரு காட்டுப்பன்றித் தலையாட்டு ஆட்டினேன்.

வெளிச்சம் வந்தது. மானும் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பெரிய வெள்ளாடு அளவுதான் இருந்தது. அதற்கு நாங்கள் கரடிக் குண்டோடு வந்திருக்கிறோம்.

முரளி துப்பாக்கியின் மேலே இருந்த, குறி பார்க்கிற டெலஸ்கோப்பில் கண்ணை வைத்துவிட்டு நிமிர்ந்தான். “அத்தான், ஸ்கோப்புல ஒண்ணுமே தெரியலை. கறுப்பா இருக்கு.”

“கண்ணை நல்லா ஒட்டி வைடா. பயாஸ்கோப் பாக்கற மாதிரி.”

டேல் இந்தத் தமிழைக் கேட்டுவிட்டு, ஏதோ பரம்பரை ரகசியம் போலிருக்கிறது என்று பேசாமல் இருந்துவிட்டார். முரளி கண்ணை ஸ்கோப்பில் ஒட்டினான், மூச்சைப் பிடித்தான், சுட்டான்.

அதைச் சத்தம் என்று சொல்ல முடியாது. கூண்டு ஒருமுறை குதித்தது. முரளி பின்னால் பறந்து நேராக டேலின் மடியில் உட்கார்ந்தான். காபி கூரையில் இருந்தது. எதிரே டிரம்முக்கு ஒரு கால் போய்விட்டது. அது யோசித்து, மெதுவாகச் சாய்ந்து, சோளத்தை எல்லாம் தரையில் கொட்டியது. மானைக் காணோம்.

முரளி திரும்பினான். வலது புருவத்துக்கு மேல் ஸ்கோப்பின் விளிம்பு பிறை நிலா மாதிரி அச்சாக வெட்டியிருந்தது. ரத்தம் மூக்கு வழியாக இறங்கிச் சட்டையில் சொட்டியது.

“சாரி சார்” என்றான். பாஸின் மடியில் உட்கார்ந்தபடியே.

டேல் தன் கைக்குட்டையை எடுத்து அவன் நெற்றியில் அழுத்தினார். பிறகு கீழே கிடந்த தோட்டாப் பெட்டியை எடுத்துப் படித்தார். திரும்பவும் படித்தார். என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். ஓடிப்போன மான் தன் சொந்தபந்தத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து, கொட்டிக் கிடந்த சோளத்தில் பந்தி உட்கார்ந்திருந்தது.

டேல் எங்களைத் தன் டிரக்கில் பக்கத்து ஊர் கிளினிக்குக்கு ஓட்டிப் போனார். வழியில் முரளி என் காதில் முணுமுணுத்தான்.

“போச்சு அத்தான். கையெழுத்து போச்சு. டிக்கெட் போட்டுர வேண்டியதுதான்.”

“வலிக்குதா மாப்ளே?”

“பேசாதீங்க.”

டாக்டர் தையல் போட ஆரம்பித்தபோது முரளி கண்ணை இறுக மூடிக்கொண்டான். பல்லிக்குப் பயப்படுகிறவன், ஊசிக்கு ஒரு சத்தம் போடவில்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த டேல் உள்ளே வந்து தொப்பியைக் கழற்றினார். அவருடைய வலது புருவத்துக்கு மேலேயும் ஒரு பிறை இருந்தது. பழசு, வெளுத்துப் போனது. டாக்டர் சிரித்துக்கொண்டே தன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அவருக்கும் ஒன்று.

“என் அப்பா துப்பாக்கில எனக்கு விழுந்தது. நான் அழுதேன். நீ அழலை” என்று டேல் சொன்னதாக முரளி பிற்பாடு சொன்னான். அப்போது அவன் அழுதுகொண்டிருந்ததால் உடனே மொழிபெயர்க்க முடியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை கையெழுத்து விழுந்தது. டிரம்மின் உடைந்த கால் டேலின் அறைச் சுவரில் ஏறியது. வீட்டில் செல்வி என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை. தம்பிக்குக் கட்டு மாற்றும்போது மட்டும் என் பக்கம் பார்த்துக் கத்தரிக்கோலை ஒருமுறை திறந்து மூடுவாள்.

அந்தக் காலத்தில் கிரீன் கார்டுக்கு முகத்தைச் சாய்த்து, வலது காது தெரிகிற மாதிரி போட்டோ எடுக்க வேண்டும். வலது காதோடு வலது புருவமும் வருமே! அரசாங்க முத்திரை வைத்த அட்டையில் என் மைத்துனன் சிவபெருமான் மாதிரி பிறை சூடி உட்கார்ந்திருக்கிறான். அன்று முதல் எங்கள் குடும்பத்தில் எந்தப் பொருளையும் தேர்ந்தெடுக்கிற உரிமை எனக்குக் கிடையாது. கடையில் ஒரு தேங்காயைக் கையில் எடுத்துக் கனம் பார்த்தால்கூட, அமெரிக்காவில் பிறந்த என் மகள், “அப்பா, வாட் காலிபர்?” என்பாள். முரளிக்குக் கல்யாணம் பேசியபோது பெண் பார்க்க என்னைக் கூட்டிப்போகவில்லை. (அதுல எனக்கு வருத்தம் இல்ல. கொஞ்சம் இருக்கு.)

ஆனால் இதில் உச்சம், கிரீன் கார்டு இன்டர்வியூதான். முரளி ராத்திரியெல்லாம் படித்துவிட்டுப் போனான். வேலை, சம்பளம், வரி, எதைக் கேட்டாலும் பதில் தயார். அதிகாரி டெக்சாஸ்காரர், மேஜைக்கு அடியில் கவ்பாய் பூட்ஸ். போட்டோவைப் பார்த்தார். முரளியின் நெற்றியைப் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்தார். அவர் கேட்ட முதல் கேள்வி:

“என்ன காலிபர்?”

முரளி சொன்னான். அதிகாரி விசிலடித்தார். “மானுக்கா? யாருய்யா உனக்கு இதை எடுத்துக் குடுத்தது?”

“எங்க அத்தான் சார்.”

அதிகாரி பேனாவை மறுபடி எடுத்தார். பிறகு முன்னால் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, “உங்க அத்தானுக்குக் கிரீன் கார்டு ஏற்கெனவே குடுத்துட்டோமா?” என்று கேட்டார். அதற்கு நம்ம முரளி என்ன சொன்னான் என்றால்…

“ஏங்க! புது ஃபிரிட்ஜ் வந்திருக்கு, ஓடி வாங்க! நல்லாருக்கா இல்லையான்னு ஒண்ணும் சொல்ல வேணாம், ஒரு பக்கம் பிடிங்க போதும்!”

செல்விதான். போய்ப் பிடித்துவிட்டு வந்துவிடுகிறேன்.