படுத்தால் ஓடும் கடிகாரம்

எனக்குப் பொறுமை கிடையாது. இன்ஸ்டண்ட் மீ நூடுல்ஸ்கூட வெந்து முடிவதற்குள் பாதியைத் தின்றுவிடுவேன். அப்படிப்பட்டவள் பழைய வாட்சைக் கழற்றிப் பூட்டக் கிளம்பினேன்.

அக்காவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளைக்கு வாட்ச் கட்டுவது பெண்ணின் தம்பி. எங்களுக்குத் தம்பி இல்லை, ஆகவே நான். கடையில் வாங்கியிருக்கலாம். நானோ ஆன்லைனில் ஒரு டப்பா உதிரிப்பாகம் வாங்கி, மூன்று செத்த வாட்சுகளிலிருந்து சாவி கொடுக்கும் வாட்ச் ஒன்றைத் தேற்றினேன். எள்ளைவிடச் சின்னத் திருகாணிகள். ஒரு தும்மலில் இரண்டு போயின. (வீட்டில்தான் இருக்கின்றன, எங்கே என்றுதான் தெரியாது.) "என் தங்கச்சி கையால செஞ்சது" என்று அக்கா நியாலாஸில் இருக்கும் மாப்பிள்ளை வீடுவரை சொல்லிவிட்டாள்.

பூட்டிய வாட்சை ஆறு விதமாகத் திருப்பி வைத்து, ஒவ்வொன்றிலும் ஒருநாள் ஓட்டிப் பார்க்கச் சொன்னது வீடியோ. அந்த வீடியோவையே இரட்டை வேகத்தில்தான் பார்த்தேன். மேசையில் மல்லாத்தி வைத்தேன், டிக் டிக் என்றது, வேலை முடிந்தது.

நிச்சயதார்த்தத்தன்று பாச்சாங் மண்டபத்தில் காரை விட்டு இறங்கும்போதுதான் தெரிந்தது. வாட்சைக் கட்டிக் கையை நீட்டினால் ஓடுகிறது, தொங்கவிட்டால் நிற்கிறது. உள்ளே ஆடும் சக்கரத்தின் முனை தேய்ந்ததைக் கவனிக்காமல் போட்டிருக்கிறேன்.

"நின்னுச்சுன்னா அவங்கம்மா சகுனம் சரியில்லம்பாங்கடி. மழை பெஞ்சதுக்கே ஒரு தடவ தேதிய மாத்துனவங்க" என்றாள் அக்கா. "என்னமாச்சும் பண்ணு லா."

பண்ணினேன். வாட்சைக் கட்டும்போது மாப்பிள்ளை மாமாவின் காதில் சொன்னேன்.

"மாமா, கைய மேச மாதிரி வெச்சுக்குங்க. எறக்குனா நின்னுடும்."

"எவ்ளோ நேரம்?"

"கல்யாணம் வரைக்கும்."

மாமா நல்லவர். உள்ளங்கை தரையைப் பார்க்கக் கையை நீட்டியபடியே நின்றார். அவர் ஆறடி. வாழ்த்த வந்த அவருடைய பெரியப்பா ஐந்தடி. கை சரியாகப் பெரியப்பாவின் வழுக்கைக்கு மேலே.

"ஏன்டா, எனக்கே ஆசீர்வாதமா?"

மாமா பதறிக் கையை இறக்கினார். நொடிமுள் நின்றது. அதற்குள் அவருடைய அம்மா, அதாவது அத்தையும், பக்கத்தில் வந்து வாட்சை உற்றுப் பார்த்தார்.

"என்னப்பா, முள்ளு நிக்கிற மாதிரி இருக்கு?"

அக்கா என்னைக் கிள்ளினாள். மாமா என்னைப் பார்த்தார். அடுத்த கணம் தடாலென்று பெரியப்பா காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார், இரண்டு கையும் தரையோடு தரையாக.

அத்தை குனிந்து பார்த்தார். "இல்ல, ஓடுது."

பெரியப்பா குளிர்ந்துபோனார். மாமா விடவில்லை. அத்தை பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் கிடைத்த காலில் விழுந்தார்: என் அப்பா, அம்மா, ஐயர், கடைசியில் போட்டோ எடுக்க வந்தவர்.

இப்படி மரியாதை தெரிந்த பிள்ளை எங்கே கிடைக்கும் என்று அப்பா இன்னும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். மாமா இன்னும் அதே வாட்சைத்தான் கட்டுகிறார். யாராவது மணி கேட்டால் என் பக்கம் திரும்புவார்.

"இரு லா, யாரு கால்லயாச்சும் விழுந்து பாத்துச் சொல்றேன்."