புலியாருக்கு மனசாட்சி வந்த ஆட்டம்

ஒரு காட்டில், சிங்கம் ராஜாவாக இருந்த காலமெல்லாம் போய், மிருகங்களுக்குச் சாயங்காலப் பொழுது போகாத காலம் வந்தபோது, ஊசிமுத்து என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. அது கதையாட்டம் நடத்தி வந்தது.

ஆட்டம் இதுதான். நாவல் மரத்தடிப் பாறையைச் சுற்றி எல்லோரும் உட்கார வேண்டும். பூதம், மந்திரவாதி, பாழடைந்த கோட்டை என்று ஊசிமுத்து ஒரு மாயலோகத்தைச் சொல்லும். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாக வேஷம் கட்டி, "நான் கதவை உடைக்கிறேன்", "நான் பூதத்தின் காலைக் கடிக்கிறேன்" என்பார்கள். கதவு உடைந்ததா, பல் உடைந்ததா என்பதை மரங்கொத்தி செதுக்கிக் கொடுத்த இருபது முகப் பகடை சொல்லும்.

ஆட வருபவர்கள் இரண்டே பேர். பஞ்சநாதன் என்ற முயல், கொப்பாயி என்ற பெண் குரங்கு. முன்பெல்லாம் பாறையில் உட்கார இடம் கிடைக்காது. ஓடைக்கு அக்கரையில் ஒரு கரடி போட்டி ஆட்டம் தொடங்கியதும் கூட்டம் அங்கே போய்விட்டது. கரடியின் ஆட்டத்தில் மூளைக்கு வேலை இல்லை. பூதம் வரும், வெட்டு, புதையலை அள்ளு, தேன் சாப்பிடு, வீட்டுக்குப் போ. ஊசிமுத்துவுக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். ஆட்டம் என்றால் நெஞ்சைப் பிசைய வேண்டும், ஆடுகிறவர் ஒருவராவது கண்ணைத் துடைக்க வேண்டும் என்பது அதன் கட்சி. இருக்கிற இரண்டு பேரும் போய்விட்டால் பாறையோடுதான் பேச வேண்டும் என்ற பயமும் கூடவே இருந்தது.

ஆகவே மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு தர்மசங்கடத்தைத் தயார் செய்தது.

"ஊரில் ஒரு குழந்தைக்கு விஷக்காய்ச்சல். மலைக்குகையில் ஒரு குட்டிப் பூதத்துக்கும் அதே காய்ச்சல். மருந்து வேர் உலகத்திலேயே ஒன்றுதான். அது உங்கள் கையில் இருக்கிறது. யாருக்குக் கொடுப்பீர்கள்?"

சொல்லிவிட்டு, யார் முதலில் அழப்போகிறார்கள் என்று ஆவலாகப் பார்த்தது.

"வேரை ரெண்டா வெட்டினா என்னண்ணே?" என்றது பஞ்சநாதன்.

"பாதி வேர் வேலை செய்யாது."

"கஷாயம் வெச்சு, கொஞ்சம் தண்ணி சேர்த்து..."

"செய்யாது!"

கொப்பாயி, சுற்றுலா வந்த ஒருவரிடம் பறித்த செல்போனிலிருந்து தலையைத் தூக்கியது. "அப்ப ஒண்ணு பண்ணலாம். அந்த வேரைச் சந்தையில வித்தா என்ன கிடைக்கும்?"

"மூணாவது வழியே கிடையாது!" என்று ஊசிமுத்து கத்தியது. "மூணாவது வழி தேடுறவன் கோழை!"

"கரடியண்ணன்கிட்ட இந்த ரோதனையெல்லாம் இல்ல" என்று பஞ்சநாதன் முணுமுணுத்தது.

அப்போது புதருக்குப் பின்னாலிருந்து ஒரு விம்மல் கேட்டது. இலைகளை விலக்கிக்கொண்டு ஒரு புலி வந்தது. புலி என்று மொட்டையாகச் சொல்ல எனக்கும் தைரியம் இல்லை, புலியார் என்றே வைத்துக்கொள்வோம். அவர் உண்மையில் பஞ்சநாதனைத் தின்னத்தான் பதுங்கியிருந்தார். ஆனால் கதையில் மாட்டிக்கொண்டார்.

"அந்தக் குட்டிப் பூதத்தோட அம்மா இருக்காளா?" என்று மூக்கை உறிஞ்சினார்.

"இ... இருக்காங்கய்யா."

"ஐயோ, அப்ப நான் எப்படி முடிவு பண்ணுவேன்!"

முயலும் குரங்கும் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, புலியார் தவியாய்த் தவித்தார். கடைசியில் வேரை ஊர்க் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு, குட்டிப் பூதத்தின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். ஊசிமுத்துவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பயம்கூட மறந்துபோயிற்று. அன்றிலிருந்து புலியார் தினமும் வந்தார். ஆட்டத்தில் உட்காருபவர்கள்மேல் கை வைக்க மாட்டேன் என்று வாக்கும் கொடுத்தார்.

புலிக்கு மனசாட்சி வந்துவிட்டது, இனிமேல் கிழங்குதான் என்று காடே பேசிக்கொண்டது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை நமக்குத் தெரியும். ஆனால் புலியார் நிஜமாகவே அழுதார். வில்லங்கமே அதுதான்.

ஒரு நாள் ஓடைக்கரையில் ஒரு மானைப் பிடித்தார். முன்பானால் ஒரே கடி, விஷயம் முடிந்தது. இப்போது மானின் காலை அழுத்திப் பிடித்துக்கொண்டு மத்தியானம் முழுக்க யோசித்தார்.

"உன்னைத் தின்னா உன் குட்டி அழும். தின்னாட்டி என் குட்டி அழும். என்னம்மா செய்யறது?"

"ஐயா, காலை விட்டீங்கன்னா நான் பாட்டுக்குப் போயிடறேன்" என்றது மான்.

"அது மூணாவது வழி" என்று புலியார் வருத்தத்தோடு தலையாட்டினார். தேம்பித் தேம்பி அழுதார். பிறகு தின்றார்.

இதைக் கிளையிலிருந்து பார்த்த கொப்பாயி, பஞ்சநாதனையும் இழுத்துக்கொண்டு ஊசிமுத்துவிடம் ஓடிவந்தது. "அண்ணே, உங்க ஆளு அழுதுக்கிட்டே திங்கறாரு! தப்புன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

சொல்லத்தான் வேண்டும் என்று ஊசிமுத்துவுக்கும் பட்டது. ஆனால் சொன்னால் அவர் வராமல் போய்விடுவாரே? இப்படி அழுகிற ஆட்டக்காரர் இன்னொருவர் எங்கே கிடைப்பார்?

அதற்குள் புலியாரே வந்துவிட்டார். வாயும் ஈரம், கண்ணும் ஈரம். நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, "கதைக்காரரே, மனசு லேசா இருக்கு. நான் செஞ்சது சரிதானே?" என்று கேட்டார்.

பஞ்சநாதன் ஊசிமுத்துவின் முகத்தையே பார்த்தது. ஊசிமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். முள்ளம்பன்றிக்கும் வாய் உண்டு.

"கேள்வி நல்ல கேள்விங்கய்யா. ஆனா கனம் பத்தலை. முன்னப்பின்ன தெரியாத மான், அதைத் தின்னா எவ்வளவு வலிக்கும்? கூட உட்கார்ந்து பழகினவங்களா இருந்தாத்தான் நெஞ்சைப் பிசையும்."

வித்தையைப் பற்றிப் பேசுகிற சுகத்தில் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது காதில் விழுந்தது.

புலியார் மெல்லத் திரும்பினார். கண்கள் நிரம்பின. "பஞ்சநாதா, உன்மேல எனக்கு எவ்வளவு பாசம் தெரியுமா?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் பஞ்சநாதன் ஓடையைத் தாண்டிவிட்டது. கொப்பாயி மரத்துக்கு மரம் தாவி அதற்கு முன்பே கரடியின் ஆட்டத்தில் உட்கார்ந்திருந்தது. இருவரும் திரும்பி வரவேயில்லை.

இப்போது நாவல் மரத்தடியில் இரண்டு பேர்தான். ஊசிமுத்து சொல்லும், புலியார் அழுவார். அப்படி ஒரு ரசிகர் எந்தக் காட்டிலும் இல்லை. நேற்று ஆட்டம் முடிந்தபின் அவர் எழுந்து போகாமல் ஊசிமுத்துவையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கதைக்காரரே, இந்தக் காட்டுல உங்களை மாதிரி எனக்கு நெருக்கமானவங்க யாருமே இல்லை" என்றார்.

இத்தனை வருஷத்தில் எந்த ஆட்டக்காரரும் அப்படிச் சொன்னதில்லை. ஊசிமுத்துவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. முதுகில் முட்கள் தாமாக நிமிர்ந்துகொண்டன.

நீதி: அழுதுவிட்டுத் தின்றால் அது பசியல்ல, பண்பு. மானைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும். கேட்கத்தான் மான் இல்லை.