வெள்ளை நிறம், அஞ்சே இதழ்

சங்கரன்கோவிலில் ரோஜாப்பூவோடு சண்டைக்கு நின்ற ஒரே மனிதர் எங்கள் ஆபீஸ் கேஷியர்தான். ‘காட்டு ரோஜா அண்ணாச்சி’ என்றால் போதும், ஆட்டோக்காரர்கள் விலாசமே கேட்க மாட்டார்கள்.

மல்லி, பிச்சி எல்லாம் அவருக்குச் சம்மதம். ரோஜா மட்டும் ஆகாது. பக்கத்து சீட் செல்வி ஒரு நாள் சிவப்பு ரோஜா வைத்துக்கொண்டு வந்தாள்.

“தாயி, இவ வெளியூர்க்காரி. நம்ம மலைல ஒருத்தி இருக்கா. வெள்ளை நிறம், அஞ்சே இதழ். அவதான் அசல் ரோஜா” என்றார்.

புது மேனேஜருக்கு ரோஜா மாலை போட்ட அன்றும் இதையேதான் சொன்னார். கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் மேனேஜர் சாயங்காலம் வரை மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தார்.

“நீங்க அவளப் பாத்திருக்கீங்களா அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“போட்டோலதான். ரிட்டயர் ஆகுறதுக்குள்ள நேர்ல ஒரு தடவ பாத்துரணும்.”

போன வைகாசியில் மேனேஜர் மகளுக்குக் கொடைக்கானலில் கல்யாணம். வேன் பிடித்துப் போனோம். மலை ஏறி, குளிர் தட்டியதும் “நிறுத்துலே!” என்று ஓர் அலறல். யாருக்கோ வாந்தி என்று டிரைவர் பதறி நிறுத்தினார். அண்ணாச்சி குதித்து ஓடி, வெள்ளைப் பூ பூத்த ஒரு புதரைப் பார்த்துவிட்டு முகம் வாடித் திரும்பினார்.

“பூ அஞ்சிதழ்தான். ஆனா மூணு மூணு இலையால்லா இருக்கு. ரோஜான்னா அஞ்சு, ஏழுன்னு இருக்கணும். இது முள்ளுப்பழச் செடி.”

“முகூர்த்தம் தப்பிரும் அண்ணாச்சி” என்றார் டிரைவர்.

சில வளைவு தாண்டி மறுபடி அலறல். இந்தத் தடவை சரிவில் வழுக்கிப் புதருக்குள்ளேயே விழுந்தார். பட்டு வேட்டியை முள் கவ்விக்கொண்டது. மேலிருந்து நாங்கள் அவரை இழுக்க, அவர் உள்ளே இலை எண்ணிக்கொண்டிருந்தார்.

“ஒரு காம்புல ஏழு இலை! காம்படியில ரெண்டு பக்கமும் சிறகு மாதிரி ஒட்டியிருக்கு! பூவுக்குக் கீழ குட்டிக் குடம்! இவதான் வே, இவளேதான்!”

“ஒரு பூவப் பறிச்சுக்கிட்டு மேல வாங்க.”

“பறிக்கவா? அதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்?” கண் கலங்கியிருந்தது. முள்தான் குத்தியிருக்கும் என்று நாங்களே சொல்லிக்கொண்டு அவரை மேலே இழுத்தோம்.

நாங்கள் போனபோது தாலி கட்டியாகிவிட்டது. கடைசிப் பந்திதான் கிடைத்தது. மேனேஜர் முறைத்தார். கிழிந்த வேட்டிமேல் துண்டைச் சுற்றிக்கொண்டு அண்ணாச்சி இரண்டாம் தரம் பாயசம் கேட்டார்.

இறங்கும்போது வாய் பிளந்து தூங்கிவிட்டார். அந்த வளைவு வந்ததும், யாரும் சொல்லாமலே டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார்.

“அண்ணாச்சி, எந்திரிங்க. உங்க சொந்தக்காரி நிக்கா. போயிட்டு வாரேன்னு சொல்லிட்டு வாங்க.”

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்குவதற்குள் நாங்கள் எல்லோரும் இறங்கியிருந்தோம்.