தரச்சான்று பெறாத பல்

பல்லின் வேருக்குள் கிருமிகள் எப்படிக் குடித்தனம் நடத்துகின்றன என்று கண்டறிந்து மேலிடத்துக்குச் சமர்ப்பிக்க முறைப்படி ஓர் ஆய்வுக்கூடம் இருந்தது. அதற்கு முறைப்படி ஓர் இயக்குநர். அவருக்குக் கீழே ஓர் ஆய்வாளர். அவளுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று பல மாதமாகக் குடைந்துகொண்டிருந்தது. பிடுங்க மனசில்லை. புது மருந்து வந்தால் பிழைத்துவிடும் என்று பொறுத்துக்கொண்டிருந்தாள். அந்த மருந்தைச் சோதிப்பதும் அவள் வேலைதான்.

வேருக்குள் கிருமிகள் தனித்தனியாகத் திரிவதில்லை. பசை மாதிரி படலம் கட்டி, ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காமல் உட்கார்ந்துவிடும். ஆய்வுக்கூட ஊழியர்களிடம் காணக் கிடைக்காத ஒற்றுமை.

படலத்தை அவள் இரண்டு விதமாக வளர்த்தாள். பிடுங்கிய நிஜப் பற்களில் கொஞ்சம், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கட்டையில் நேராகத் துளைத்த குழாய்களில் கொஞ்சம். அந்தக் கட்டைக்கு ‘மாடல்’ என்று பெயர். பிளாஸ்டிக்கில் மருந்து விட்டதும் கிருமிகள் பூண்டோடு அழிந்தன. நிஜப் பல்லிலோ வேர் வளைந்து, கிளை பிரிந்து, சந்துபொந்தாக ஓடியது. மருந்து பாதி வழியில் நின்றது. கிருமிகள் சௌக்கியமாக இருந்தன.

“மாடல்ல செத்துதா இல்லையா?” என்றார் இயக்குநர்.

“செத்துது சார். பல்லுலதான் சாகலை.”

“அப்போ பல்லுலதான் ஏதோ கோளாறு.”

“இயற்கையிலேயே அது அப்படித்தான் சார்.”

“இயற்கைக்குத் தரச்சான்று இருக்கா? நம்ம மாடலுக்கு இருக்கும்மா. இப்போ எங்க பார்த்தாலும் கண்ணாடி மாடல்தான். வர்றவங்க பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிறாங்க. உன் சொத்தைப் பல்லோட எவன் போட்டோ எடுப்பான்?”

“மருந்தை ஜனங்க வாயிலதானே சார் விடப் போறாங்க?”

“அது வேற துறை.”

கிருமி செத்தது என்ற அறிக்கையில் கையெழுத்துப் போடாவிட்டால் பிரிவையே மூடிவிடுவார்கள் என்றும் கனிவோடு தெரிவித்தார். போட்டாள். வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

மருந்து வெளிவந்தது. கூடவே ஓர் ஆணையும் வந்தது: மேற்படி மருந்துக்குப் பின்னும் வலிக்கும் பற்கள் தரமற்றவையாகக் கருதப்படும். அவ்வளவுதான், வலிக்காத பல்லுக்கு மாடல் மாதிரி நேரான வேர் என்று பேச்சாகி, ஊரெல்லாம் நேர்வேர் மோகம் பிடித்துக்கொண்டது. “எங்க வீட்ல எல்லாருக்கும் நேர்வேருங்க” என்று பீற்றிக்கொள்வது நாகரிகமாயிற்று. வலிக்கிறது என்று வாய் திறப்பது குடும்பத்துக்கே அவமானம். அவளுடைய மாமியார் வீங்கிய கன்னத்தோடு விருந்தாளிகள் முன்னால் வறுத்த கடலையைக் கடித்துக் காட்டினார்.

வேறு மருந்து எங்கேயும் கிடைக்கவில்லை. அவளும் அதையே போட்டுக்கொண்டாள். ஒரு வாரத்துக்குள் வலி உயிரை எடுத்தது. பல் மருத்துவமனைக்கு ஓடினாள். டாக்டர் வாயைப் பார்க்கவில்லை, ஆய்வு அறிக்கையைப் பார்த்தார்.

“கிருமி செத்துடுச்சும்மா.”

“வலிக்குதே டாக்டர்!”

“ஆராய்ச்சி பண்ணினவங்களைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமோ?”

“பண்ணினதே நான்தான்!”

“அப்புறம் என்ன மேடம்? உங்க பேச்சை நீங்களே நம்பலைன்னா நாங்க எப்படி நம்புறது? தரமில்லாத பல்லுன்னு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க, இப்பவே பிடுங்கிடறேன்.”

கன்னத்தைப் பொத்திக்கொண்டு பல்லோடு எழுந்தாள். வெளியே வந்தாள். காத்திருப்போர் கூடம் நிரம்பி வழிந்தது. அத்தனை பேரும் கன்னத்தில் கை வைத்திருந்தார்கள். மூலையில் இயக்குநர். ஒரு பக்க முகம் பந்தாக வீங்கி, கண்ணே பாதி மூடியிருந்தது.

“சார், நீங்களா?”

“சும்மா... பார்வையிட வந்தேன்,” என்றார் வாயைச் சரியாகத் திறக்காமல். “நீ?”

“நானும் பார்வையிடத்தான் சார்.”

பக்கத்தில் இருந்தவர் முந்திக்கொண்டு, தானும் பார்வையிடத்தான் வந்ததாகச் சொன்னார். யாரும் கேட்காமலே கூடம் முழுக்க அதையே சொன்னது. ஒருவரும் கன்னத்திலிருந்து கையை எடுக்கவில்லை.